நான்கு வயதுச் சக்கரவர்த்தி

1998 அக்டோபர் 14, புதன். சான் ரமோன்.

இந்த ராத்திரி நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஹூஸ்டனில் இருக்கும் உங்களிடம் போனில் சொல்ல வராததை, நீங்கள் படிக்காத இந்த நோட்டில் எழுதுகிறேன்.

சாயங்காலம் நம் பையன் அருணுக்கு லைப்ரரி புத்தகம் படித்துக் காட்டினேன். பழைய ஜப்பானில் ஒரு பையனை நான்கு வயதில் சக்கரவர்த்தியாக்கிவிட்டார்கள். கனமான பட்டு உடையில் அவன் அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஆள்வது தாத்தா. வளர்ந்து தானே பேசத் தொடங்கும் முன் அவனை இறக்கிவிட்டு அடுத்த குழந்தையை ஏற்றிவிடுவார்.

"டிட் எனிபடி ஆஸ்க் ஹிம், அம்மா?"

"சின்னப் பையன்டா, அவனுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

நான் வேலைக்குப் போவதற்காக அருணை இரண்டு வருடம் கோயம்புத்தூரில் விடச் சொல்லி உங்கள் அப்பா போன் பண்ணியபோது, நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஃப்ளைட். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. டிக்கெட்டை கேன்சல் பண்ணட்டுமா? காலையில் போனில் இதைக் கேட்டுவிடுவேன், சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.