சூசைதாசன் றொபேட், றொபேட் சூசைதாசன்

சிறை மருத்துவப் பிரிவு, ரொறன்ரோ
11 பெப்ரவரி 2025

அன்புள்ள வேரோனிக்கா அக்காவுக்கு,

எழுதாதே என்று சொன்னீர்கள். கேட்காமல் எழுதுகிறேன். கஜனியின் கை பொருந்திவிட்டதா? குடித்துவிட்டு உங்கள் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் மோதியவனுக்கு அதைக் கேட்கிற முகம் இல்லைத்தான்.

இங்கே இப்போது எங்கள் நோய் வருத்தம், குளிசை மருந்து எல்லாம் கொம்பியூட்டரில். பழைய பைல்களையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள். என் பெயரைத் தட்டினால் மட்டும் ஒன்றுமில்லை, நான் போன கிழமைதான் பிறந்தவன் மாதிரி. எனக்கு வலிப்பு என்று தலைபாடாய்ச் சொன்னேன். பதிவில் இல்லை, டொக்டர் பார்க்கட்டும் என்றார்கள். மூன்றாம் நாள் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தால் துவாரகா என்றொரு தாதி. இங்கே யூனியன்வில்லில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை.

"அங்கிள், இந்த ரெண்டில எது அப்பாட பேர்?"

"சூசைதாசன். ஊரில அப்பா முன்னுக்கு, இஞ்ச நான் முன்னுக்கு."

பெயரை மாற்றிப் போட்டுத் தட்டினாள். முந்தி ஒருதரம் இங்கே தொண்ணூறு நாள் இருந்தபோது எழுதியதெல்லாம் வந்துவிட்டது. குளிசை, அளவு, பென்சிலின் ஒத்துவராது என்பதுகூட! இரண்டையும் ஒன்றாக்கினாள். பிறகு தன் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருக்கிற தமிழ்ப் பெயர்களை எல்லாம் அப்படியே திருப்பிப் போட்டுத் தேடியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில் பஸ்ரியன் அண்ணைக்குச் சலரோகம், அந்தச் சீனி வருத்தம், இருப்பது அப்படித்தான் அகப்பட்டது. என்ன பிள்ளை அக்கா அது! முந்தியெல்லாம் ஆள் வேறு சிறைக்குப் போய்ப் பத்து நாளுக்குப் பிறகுதான் அவருடைய மருந்துக் கடதாசி வந்து சேரும்.

ஏப்ரல் முதலாம் திகதி விடுகிறார்கள். எங்கே போவதென்று தெரியவில்லை.

தம்பி றொபேட்

அஜின்கோர்ட்
20 பெப்ரவரி 2025

றொபேட்டுக்கு,

கஜனிக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. பேனை பிடிக்கிறாள். உன்னில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நீ அந்தப் பிள்ளையைப் புகழ்ந்து எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். உனக்கு ஒன்று தெரியாது. நீ விழுந்த உடனே அவள் எனக்குப் போன் எடுத்தாள். தம்பிக்கு முந்தி ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்டாள். "எனக்கு அப்பிடி ஒரு தம்பி இல்லை" என்றேன். நீ அங்கே தரையில் கிடக்கிறாய், நான் இங்கே அதைச் சொல்கிறேன். அன்றிலிருந்து பூசைக்குப் போகவும் மனம் வரவில்லை.

நீ வேறு யாரிடமாவது போ. உன் முகத்தில் முழிக்க எனக்குத்தான் வெட்கம்.

வேரோனிக்கா

சிறை மருத்துவப் பிரிவு
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு அது முதலே தெரியும். என்னுடைய பதிவைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறதாம். துவாரகா திரையைத் திருப்பிக் காட்டித் தமிழிலும் சொன்னாள். உறவினர் என்கிற இடத்தில், எத்தனை மணி என்பதும் போட்டு எழுதியிருக்கிறாள்: 'தனக்குத் தம்பி இல்லை என்றார் சகோதரி. வலிப்பு வந்தால் இடப்பக்கமாகக் கிடத்தச் சொன்னார். வாய்க்குள் எதுவும் வைக்கவேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டார்.'

"வலிப்பைப் பற்றி நான் வாயே திறக்கேல்ல அங்கிள். இல்லாத தம்பிக்கு வலிப்பு எண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்? அதாலதான் பழைய பதிவு எங்கயோ கிடக்கு எண்டு தேடினனான்" என்றாள்.

அக்கா, என்னைக் காப்பாற்றியது அவள் மட்டும் என்பதுபோல எழுதிவிட்டேன். நீங்களும்தான்.

விடுகிற அன்று குளிசையையும் பதிவையும் எந்த விலாசத்துக்கு அனுப்புவதென்று கேட்கிறார்கள். உங்களைக் கேட்காமல் எழுத மனமில்லை. வெறுமையாக விட்டிருக்கிறேன்.

றொபேட்

அஜின்கோர்ட்
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி,

எங்கள் விலாசத்தைப் போடு. கஜனியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "மாமா வரட்டும், கார்த் திறப்பு மட்டும் என்னட்ட இருக்கும், அவரை ஓட்ட விடமாட்டன்" என்கிறாள்.

துவாரகாவிடம் சொல்லு, நான் சொன்னதை அழிக்கவேண்டாம். சொன்னது சொன்னதுதான். அதற்குக் கீழே இன்றைய திகதியைப் போட்டு இன்னொரு வரி எழுதச் சொல்லு: தம்பி இருக்கிறான் என்று சகோதரி சொன்னார்.

அக்கா