நீலக் காற்றாடி

மகளே,

வியாழக்கிழமை உன் பல்கலைக்கழக அரங்கில் நீ உரையாற்றியபோது கடைசி வரிசையில் இருந்தவர்கள் நான், உன் வெர்னா சித்தி, எங்களைக் காரில் கூட்டிவந்த பாஸ்டர் ஹோபர்ட். உனக்குச் சொல்லாமல் வந்ததால் நீ பார்க்கவில்லை.

கட்டுரை எழுதச் சொல்லித்தரும் நீ, நம் கெண்டக்கி மலைமக்கள் கல்லறை அலங்காரங்கள் வழியாக என்ன சொல்கிறார்கள் என்று ஆராய்கிறாய். சரி. ஆனால் திரையில் காட்டியது உன் தம்பியின் கல்லறை. அதிலிருந்த பிளாஸ்டிக் ரோஜாவையும் குச்சியில் சுழலும் நீலக் காற்றாடியையும் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "இது யாரோட கல்லறை?" என்று ஒருவர் கேட்டார். "தெரியல, ஏதோ மலைக் குடும்பம்" என்றாய்.

"அக்கா, அந்த ஏதோ குடும்பம் நாமதான். எந்திரிச்சு வணக்கம் சொல்லட்டுமா?" என்றாள் வெர்னா. பாஸ்டர் என் கையைப் பிடித்திருக்காவிட்டால் கத்தியிருப்பேன். கர்த்தர் மன்னிக்கச் சொல்கிறார். எனக்கு இன்னும் முடியவில்லை.

முதல் காற்றாடியை நட்டது நீதானே? "தம்பி தனியா இருப்பான்ல, விளையாடட்டும்மா" என்றாய். அப்போது உனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் கல்லறை அலங்கரிக்கும் ஞாயிறன்று, வெளுத்ததை எடுத்துவிட்டு அதே நீலத்தில் நான் புதிது வைக்கிறேன். அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

இந்த வருடத்துக் காற்றாடி வாங்கியாயிற்று. அதை நட நீ வருகிறாயா, இல்லையா? சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா