வாசல் கதவில் அப்பாவின் படம்

அன்பு மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை டொன்கா, உன் அப்பா மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துக்கொள், அப்பாவும் சேர்த்திதான். நீயும் அந்த ஹோட்டல் சலவைக்கூடத்துச் சூட்டில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வியாழக்கிழமை நீ போனில் அழுத அழுகையில் நான் சொன்ன எதுவும் உன் காதில் ஏறவில்லை. அப்பாவின் கையில் போனைக் கொடுத்து அவரே பேசிய பிறகும் நீ நம்பாமல், "என் பிறந்தநாள் என்னைக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாயாம். அவர் வழக்கம்போல் தேதியைத் தப்பாகச் சொன்ன பிறகுதான் அப்பாதான் என்று நம்பினாயாம். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாய். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று போன தடவை நீ திட்டியதால், நான் அடுப்படியில் குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டே சொல்கிறேன், டொன்கா எழுதுகிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், உனக்கே தெரியும். அவளைப் பற்றியும் இதில் வரும். அந்த இடத்தை எழுதாமல் தாண்டிப் போய்விடாதே என்று அவளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் முதல் வாரம், பிளம் பழம் உதிர ஆரம்பித்த நேரம், சோபியாவிலிருந்து ஒரு ஓட்டை வேனில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். சினிமா எடுக்கிறோம் என்றார்கள். நான் நம்பவில்லை. சினிமா என்றால் லாரி லாரியாக விளக்கு வராதா. இவர்களிடம் ஒரு ரொட்டி அளவுக்குக் கேமராவும், துடைப்பக் கட்டையில் கட்டிய மைக்கும்தான் இருந்தன. டைரக்டர் என்று சொல்லிக்கொண்டவள் ரலித்ஸா, உன் வயதுதான் இருக்கும். எந்தக் கம்பெனியும் கைகொடுக்காமல் இரண்டு வருடமாகத் தானே அலைந்து, சனி ஞாயிறுகளிலும் லீவு நாட்களிலும் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு வருகிறாளாம். பஸ் நம் வீட்டு வாசலில்தானே திரும்புகிறது, அதனால்தான் நம் வீட்டைக் கேட்டாள். கதை என்ன என்று கேட்டேன். ஸ்தானா என்று ஒரு விதவை. நாளைக்கு ஒரு தடவை வரும் பஸ்ஸின் டிரைவர் அவளுக்கு டவுனிலிருந்து மருந்து, ஈஸ்ட், நூல்கண்டு என்று வாங்கிவந்து, இறங்காமலே ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் இறங்குகிறான். "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான் அத்தை. ஆனா அவன் இறங்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றாள்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் வேலை ஓடவில்லை, நெவேனா. விதவையாக நடிக்கிற இஸ்க்ராவும் டிரைவராக நடிக்கிற ஸஹாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் வேண்டும் என்றால்கூட நடுவில் என்னிடம்தான் கேட்பார்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் அவன் அவளைப் பார்க்கிற பார்வையில் எனக்கே கன்னம் சூடானது. எங்கிருந்து எடுக்கிறார்கள் அதை, எங்கே திரும்ப வைக்கிறார்கள், எனக்குப் புரியவே இல்லை. இஸ்க்ரா என் பின்னாலேயே சுற்றினாள். நான் கை துடைக்கிறது, ஒரு ஆளுக்கு மட்டும் தட்டு வைத்தால் அதை மேசையில் எந்தப் பக்கம் வைப்பேன் என்பது வரைக்கும் கேட்டாள். அதைவிட ஆச்சரியம் கேமராக்காரன் குரும். அவனும் ரலித்ஸாவும் ஆறு வருடம் சேர்ந்து இருந்தவர்களாம், படம் ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்னால் பிரிந்துவிட்டார்களாம். இருந்தாலும் அவன் இல்லாமல் அவளுக்கும் அவள் இல்லாமல் அவனுக்கும் எடுக்க வராது. "கொஞ்சம் இடது பக்கம்", "இன்னொரு தடவை", இதைத் தவிர இருவரும் வேறு பேசி நான் கேட்கவில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நான் குருமிடம், "கஷ்டமா இல்லையாப்பா உனக்கு?" என்று கேட்டே விட்டேன். "படம் முடியட்டும் அத்தை, அப்புறம் உக்காந்து அழுதுக்கறேன்" என்றான்.

அப்பா இதில் எதிலும் சேரவில்லை. "என் நாற்காலில எவனும் உக்காரக் கூடாது, என் ராக்கியா சாராயத்த எவனும் மோந்து பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, குடலிறக்க ஆபரேஷனுக்காக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் போன மறுநாள், ஸ்தானாவின் செத்துப்போன புருஷன் என்று சமையலறைச் சுவரில் மாட்ட அவர்கள் கொண்டுவந்திருந்த போட்டோ வேனில் மழை ஒழுகி ஊறிப்போயிருந்தது. குரும் டொன்காவிடம், "மீசை வச்ச ஆம்பள போட்டோ ஏதாவது இருக்கா பாப்பா?" என்று கேட்டிருக்கிறான். எதற்கு என்று கேட்க இவளுக்கு வாய் வருமா? போய் நீ ஸ்பெயினுக்குக் கிளம்பிய அன்று எடுத்த படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். உன் பக்கத்தை மடித்துவிட்டு அப்பாவை மட்டும் ஃபிரேம் போட்டார்கள். ரலித்ஸா அதைப் பார்த்து, "இந்த மனுஷன் யாரோ போறத பாத்துட்டு நிக்கறாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாளாம். நான் பார்த்தபோது படம் சுவரில் ஏறிவிட்டது. ஒரு சினிமாதானே, அவர் வருவதற்குள் இறக்கிவிடலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படத்துக்குக் கீழே ஆறு நாள் எடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் அப்பாவைக் கூட்டிவரப் போனேன். அன்றைக்குத்தான் கதையின் முதல் காட்சி எடுத்திருக்கிறார்கள். புருஷன் செத்த அன்று வாசல் கதவில் மரண அறிவிப்பு ஒட்டுகிற காட்சி. கறுப்புக் கோடு போட்டு, சிலுவை போட்டு, அப்பாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கீழே ஸ்தாமென் என்று கதையில் வருகிற பெயரைப் போட்டு, நிஜமான பசை தடவி நிஜமாகவே ஒட்டிவிட்டார்கள். எடுத்து முடித்ததும் வெயில் போய்விடும் என்று எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடிவிட்டார்கள். நகரத்துப் பிள்ளைகள், யாராவது கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒட்டின அறிவிப்பை மனுஷக் கை கிழிக்கலாமா? மழைதானே கிழிக்க வேண்டும், வெயில்தானே வெளுக்க வேண்டும். டொன்கா கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். தொட்டால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம், தொடாவிட்டால் ஊர் பார்த்துவிடும் என்று பயம். கடைசியில் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துப் போர்த்திக்கொண்டுவிட்டாள். இதை எழுதும்போது காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள், எழுதட்டும்.

பக்கத்து வீட்டுப் பெனா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவள் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன், கதவில் கறுப்புத் தாள், அவளுக்கு வேறு என்ன வேண்டும். அங்கே ஸ்பெயினில் சராகோசாவில் இருக்கிற அவள் மகனுக்குப் போன் போட்டாள், அவன் உனக்குப் போட்டான். பெயரைப் படித்தாயா என்று பிறகு கேட்டேன். "பேர யாருடி படிக்கறா? நாப்பது வருஷமா பாக்கற மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்கிறாள். சாயங்காலம் நாங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது வாசலில் பதினைந்து பேர். எல்லார் கையிலும் பூ, சாவுக்குக் கொண்டுவருகிற மாதிரி எல்லாம் இரட்டைப்படையில். பெனா, செத்தவருக்கென்று வேகவைத்துச் சர்க்கரை தூவிய கோதுமைச் சட்டியோடு முன்னால் நிற்கிறாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறார். பெனா வாயைப் பிளந்து, "வல்கோ, நீ செத்துட்டியேய்யா!" என்றாள். அப்பா நின்று யோசித்து, "எப்ப? நேத்து தையல் பிரிச்சாங்களே, அப்பவா?" என்று கேட்டார். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு கோதுமைய வேகவச்சிருக்கேன், எதுக்கு இப்ப உயிரோட வந்து நிக்கறே?" என்றாள். அப்பா அந்தச் சட்டியை வாங்கி நின்ற இடத்திலேயே ஒரு கரண்டி சாப்பிட்டார். அது வரைக்கும் வேடிக்கைதான்.

உள்ளே போனதும்தான் வேடிக்கை நின்றது. சமையலறைச் சுவரில் அவர் படம், மூலையில் கறுப்பு ரிப்பன், அதற்கு நேர் கீழே மேசையில் கடைசிக் காட்சிக்கென்று வைத்த இரண்டு கிளாஸ், பக்கத்தில் ஸஹாரி கழற்றி வைத்த டிரைவர் தொப்பி. அவர் மந்தம் இல்லையே, எல்லாம் புரிந்துவிட்டது. "நான் இங்க தொங்கறேன், எவனோ ஒருத்தன் எனக்குக் கீழ உக்காந்து எம் பொண்டாட்டிகூட ராக்கியா குடிக்கறான், அப்படித்தானே?" என்றார். உங்கள் பொண்டாட்டி இல்லை, ஸ்தானா என்றேன். "சுவர் என்னுது. மூஞ்சி என்னுது. பின்ன யாரோட பொண்டாட்டி?" என்றார். படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆற்றிலிருந்து திரும்பி வந்தவர்களை வாசலோடு நிறுத்திவிட்டார். ரலித்ஸா காலில் விழாத குறை. ஆறு நாள் எடுத்த அத்தனையிலும் அந்தப் படம் இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு காட்சிதான், அவன் இறங்கி வந்து கதவைத் தட்டுகிற காட்சி, அதில் இந்தப் படம் இல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பும் போச்சு, திரும்ப எடுக்க வழியே இல்லை என்றாள். "அப்ப போகட்டும்" என்றார் அப்பா. வெள்ளியும் சனியும் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார். அவர்கள் ஐந்து பேரும் வெளியே வேனில் உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை ஸஹாரி வேறு வேலைக்குப் போயாக வேண்டும். நான் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். ரலித்ஸா சாப்பிடவில்லை. முதல் தடவையாகக் குரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

ஞாயிறு மதியம் மற்றவர்கள் வாசலில் நிற்க, ரலித்ஸா கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, "வல்கோ மாமா, எடுக்க வேண்டாம், ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் துரத்துங்க" என்றாள். கேமராவின் பின்னால் தீப்பெட்டி மாதிரி இருந்த கண்ணாடியில் அப்பா பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஸ்தானா அவர் படத்தைத் துடைக்கிறாள். இன்றைக்கு ஈஸ்ட் வந்தது, ரொட்டி நன்றாக உப்பியது என்று அதனிடம் சொல்கிறாள். அப்பா கண்ணாடியை விட்டுத் தலையைத் தூக்காமலே கேள்வி கேட்க ஆரம்பித்தார். "இந்த டிரைவர் குடிப்பானா?" இல்லை மாமா. "கல்யாணம் ஆனவனா?" இல்லை மாமா. "ஒரு வருஷமா வாங்கிக் கொடுக்கறானே, ஒரு தடவையாவது மருந்த மறந்துட்டானா?" ஒரு தடவை பனியில் பஸ் நின்றுவிட்டது, நடந்தே கொண்டுவந்து வாசல் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான் என்றாள். "ம்" என்றார். பிறகு, "கடைசில என்ன நடக்குது?" என்றார். ரலித்ஸா தயங்கி, "அவன் கதவைத் தட்டுவான். அவ உங்க படத்த சுவர்ப் பக்கம் திருப்பி வச்சுட்டு, போய்க் கதவத் திறப்பா" என்றாள். அப்பா கேமராவை மேசையில் வைத்தார். பிறகு எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீயா இருந்தா திருப்புவியா, ஸ்லாத்கா?" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் இந்த மாதிரி ஒரு கேள்வியை அவர் என்னைக் கேட்டதில்லை. அடுப்பில் விறகு தள்ளப் போய்விட்டேன்.

அவரே எழுந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "எடுத்துக்கோங்க. ஆனா என்னைத் திருப்பக் கூடாது" என்றார். "இத்தன நாள் அவ தனியா இருந்ததப் பாத்துட்டுத் தொங்கினேன் இல்ல? கதவு திறக்கறதயும் பாத்துட்டுப் போறேன்" என்றார். ரலித்ஸா குருமைப் பார்த்தாள். குரும் உள்ளே வந்து மேசையிலிருந்த கேமராவை எடுத்தான். ஒரே தடவைதான் எடுத்தார்கள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டு இஸ்க்ரா படத்துக்குக் கையைக் கொண்டுபோனாள், திருப்பப் போகிறவள் மாதிரி, ஃபிரேமைப் பிடித்தாள், சாய்ந்திருந்ததை நேராக்கினாள், போய்க் கதவைத் திறந்தாள். அடுப்புக்குப் பின்னால் அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், மைக்கில் விழுந்துவிடுமாம். திங்கட்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். வேனில் முன் சீட்டில் ரலித்ஸாவும் குருமும், ஏதோ பேசிக்கொண்டுதான் போனார்கள், என்ன என்று எனக்குக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் மனசுக்குள் குறுகுறுப்பு.

அப்பாவின் கேள்விக்கு நான் நேற்றுத்தான் பதில் சொன்னேன். மிளகாய் உரித்துக்கொண்டிருந்தோம். "திருப்ப மாட்டேன்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "ஆனா கதவையும் திறக்க மாட்டேன்" என்றேன். உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் திறக்க மாட்ட? பனில நடந்து வந்தவன வாசல்ல நிக்க வைப்பியா? என்ன பொம்பள நீ!" என்று இந்நேரம் வரைக்கும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள் மகளே. குளிர் வருவதற்குள் நல்ல செருப்பு வாங்கிக்கொள், அந்த மெல்லிசு போதாது. பெனாவின் மகனிடம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாதே, அவனும் அழுதானாம். பன்னிரண்டு பாட்டில் மிளகாய் விழுது உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும். ஞாயிறு போன் பண்ணு, டொன்காவிடமும் இரண்டு வார்த்தை பேசு, அவள் தானாகக் கேட்க மாட்டாள்.

உன் அம்மா
ஸ்லாத்கா
(எழுதியது டொன்கா. ஒரு இடத்தையும் தாண்டவில்லை.)