கலாவைக் கூட்டிப்போக வரும் ஞாயிறு

ஆடி 9, திங்கள்
காத்து தாங்கல. ராகி நாத்து நட ஆள் கெடைக்கல, நானும் இவருமே. பக்கத்துக் கொல்லை ராமப்பா கெணத்தை ஆழமாக்கறாரு, பாறைக்கு வெடி.

முதல் வெடிக்கே கலா தட்டைப் போட்டுட்டு ஓட்டம். பஸ் ரோட்டுலதான் பிடிச்சேன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க லைன் வீட்டுல பொறந்த பழக்கம். அங்க உள்ள பாறை சரிஞ்சு பூமி ஆடுனா பொம்பளைங்க புள்ளைங்க எல்லாம் ஷாப்ட் கேட்டுக்கு ஓடி, அவங்கவங்க ஆள் கேஜ் லிப்ட்ல மேல வர்ற வரைக்கும் நிப்பாங்க. "அப்பா உள்ள இருக்காரு, வுடு பெரிம்மா." கெணத்தைக் காட்டினப்புறம்தான் அடங்கினா. எட்டு வயசுக்கு இன்னா பயம்.

ஆடி 10, செவ்வாய்
மழை இல்ல. ஷிப்ட் முடிச்சிட்டு முனிசாமி வந்தாரு, கலாவோட அப்பன். தங்கச்சி செத்தப்போ புள்ளைய எங்கிட்ட வுட்டுட்டு வேற கட்டிக்கிட்டவரு. "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேங்க்கா. அவ ரெண்டாவது பெத்திருக்கா, தொட்டில் ஆட்ட ஆள் வேணும்."

தொட்டில் ஆட்டவா நான் வளத்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. பெத்தவரு, நான் இன்னா பேச முடியும். காப்பியில சக்கரை போடாம குடுத்தேன். மனுஷன் அதையும் குடிச்சாரு.

கலாவுக்குக் கால் தரையில நிக்கல. அப்பாகூட போறாளாம். இவர் மாட்டுக் கொட்டாய்க்குப் போனவர் சோத்துக்கும் வரல.

ஆடி 11, புதன்
வாங்கணும்: சீக்கா, ரிப்பன், இவருக்குப் பீடி.
பூதிகோட்டை போகணும், மனசு வரல. கலாவை ஒரு சொம்பு தண்ணி கேட்டா "நீயே மோந்துக்கோ"ன்றா. மகாராணி. நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்தேன். கெடட்டும்.
சாமி முன்னாடி நின்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை அந்தாளு வரக்கூடாது.

ஆடி 13, வெள்ளி
எழுத வரல. எழுதறேன்.

காலையில தரை அதிர்ந்துச்சு, சொம்பு உருண்டுச்சு. கலா எழுந்துட்டா. "ராமப்பா கெணறுதான், களியத் தின்னு"ன்னு கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். நம்பித் தின்னா.

மத்தியானம் ராமப்பாவே வந்தாரு. "நாங்க இன்னிக்கு வெடி வெக்கலியேம்மா." மைன்ஸ்ல பாறை சரிஞ்சிடுச்சு, உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்கன்னு பஸ் கண்டக்டர் சொன்னாராம்.

நானும் இவரும் கலாவும் பஸ் ஏறினோம். ஷாப்ட் கேட்ல கூட்டம். கேஜ் வர்றப்போல்லாம் கலா எக்கி எக்கிப் பாத்தா. பொழுது சாய முனிசாமியைக் கொண்டாந்தாங்க. போர்வை மூடி.

ஆடி 14, சனி
அடக்கம் ஆச்சு. சின்னம்மாக்காரி எல்லார் எதிர்லயும், "எனக்கே ரெண்டு இருக்கு, இதை எங்க வெச்சுக்கறது? நீங்களே கொண்டு போயிடுங்கக்கா." அவளைத் திட்டவும் முடியல, பச்ச ஒடம்புக்காரி. கலா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா.

வேண்டினது பலிச்சுது. என் வாயில மண்ணு விழ.

ஆடி 15, ஞாயிறு
தூறல். எழுந்து பாக்கறேன், பக்கத்துல புள்ள இல்ல. பதறிப் போய் வெளிய வந்தா, கொட்டாய் கூட்டியிருக்கு, சாணி அள்ளியிருக்கு. இடுப்புல நிக்காத குடத்தைத் தூக்கிக்கிட்டு வர்றா, பாவாடையெல்லாம் ஈரம். யாருடி உன்னை இதெல்லாம் செய்யச் சொன்னதுன்னு குடத்தைப் பிடிச்சேன். வுடல.

"எல்லா வேலையும் செய்யறேங்க பெரிம்மா. என்னை அனுப்பிடாதீங்க."