ஷமீம் பேகம் இன்னும் முடிக்கவில்லை

என் அருமை ஷமீமுக்கு,

நலமா என்று தொடங்கத்தான் கை போகிறது. அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அவ்வளவு எரிச்சல். நீ இருந்திருந்தால் உன் வீட்டு உருதுவில் என்னை அக்காவாக்கி, "ஆபா, டென்ஷன் ஆகாதீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு டீயை நீட்டியிருப்பாய். இப்போது யார் நீட்டுகிறார்கள்?

நீ போன கொஞ்ச நாளில் பள்ளிக்கு ஓர் உத்தரவு வந்தது. ஆன்லைனில் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு செயலியில் பயிற்சி முடிக்க வேண்டுமாம். ஊரடங்கில் நாம் தட்டுத் தடுமாறி நடத்தி முடித்த பிறகு, இப்போது சொல்லித் தருகிறார்கள். அன்றைக்கு நீ இரண்டு ஸ்டூலுக்கு நடுவே ஸ்கேலை வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்து, கணக்குப் போட்டுக் காட்டினாய். பிள்ளைகள் பார்த்ததெல்லாம் உன் கையும் வளையலும்தான்.

இந்தச் செயலியில் வீடியோ பாதியில் நிற்கும். நின்றால் முதலிலிருந்து பார்க்க வேண்டும். 'மாணவர் கேமராவை அணைத்து வைத்தால் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி, நான்கு விடைகள். நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தி வீட்டைக் காட்டக் கூச்சப்பட்டாளே, அவளுக்கு நீ போன் போட்டு, "மூஞ்சி வேணாம்டி, நோட்டை மட்டும் காட்டு, நானும் அதைத்தானே காட்டறேன்" என்றாய். மறுநாள் அவள் நோட்டு திரையில் வந்தது. அந்த விடை நான்கில் இல்லை. நான் எதையோ அழுத்தினேன். தவறு, மீண்டும் முயலுங்கள் என்றது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தினமும் சாயங்காலம் முடிக்காதவர்களின் பெயர் ஸ்டாஃப் குரூப்பில் வரும். ஒவ்வொருவராக முடித்து, கடைசியில் ஒரே பெயர் சிவப்பில் நின்றது. ஷமீம் பேகம், கணிதம், முடிக்கவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து உன் பெயரையும் எண்ணையும் எடுத்திருக்கிறார்கள்.

ஹெச்.எம். அறைக்குப் போய்க் கத்தினேன்.

"நானும் எழுதிப் போட்டுட்டேன் கோமதி, எடுக்க மாட்டேங்கறாங்க. அவங்க பேர்ல நீங்களே உட்கார்ந்து முடிச்சுடுங்களேன். இந்த ஒரு பேராலதான் நம்ம ஸ்கூல் பாக்கி நிக்குது."

"செத்தவளுக்கு டிரெய்னிங்கா மேடம்?"

"எனக்கு மட்டும் ஆசையா? மேலேர்ந்து தினம் போன் வருது."

உன் பெயரை எடுக்கச் சொல்லி, லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே செயலியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். எடுத்த பையன், "அவங்களையே லாகின் பண்ணி ரிக்வெஸ்ட் குடுக்கச் சொல்லுங்க மேடம்" என்றான். இறந்துவிட்டாளப்பா என்றேன். "ஓ, சாரி மேடம். அப்ப அவங்க மொபைலுக்கு ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

நான் போட்ட கூச்சலில் பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழி? உன் போன் நாஸியாவிடம்தானே இருக்கிறது. திருவல்லிக்கேணிக்கு பஸ் ஏறினேன்.

உன் மகள் அதைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பேரை எடுத்துட்டா மெசேஜ் வராதா ஆன்ட்டி?"

"வராதும்மா. தொல்லை விட்டுது."

"அப்ப வேணாம் ஆன்ட்டி."

திரையைக் காட்டினாள். 'அன்புள்ள ஷமீம் பேகம், இன்றைய பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.' அதற்கு மேலும் அதே வரி, நாளுக்கொன்றாக.

"பேங்க்லேர்ந்து வர்றதெல்லாம் நின்னுடுச்சு. வேற யாரும் இதுக்கு அனுப்பறதில்ல. இது மட்டும்தான் டெய்லி அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், ஷமீம்? வரும் வழியில் உதவி எண்ணில் நான் கேட்டுவைத்த ஓடிபி அப்போதுதான் வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் கடந்து அது செல்லாமல் போனது. அவள் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் ஹெச்.எம்.மிடம், பெயர் பாக்கியாகவே இருக்கட்டும் என்றேன். "நேத்து வரைக்கும் நீங்கதானே குதிச்சீங்க?" என்று கடுப்பானார். நாஸியா சொன்னதை அப்படியே சொன்னேன். மேஜைமேல் இருந்த பாக்கிப் பட்டியலை மடித்து வைத்தார். "மேல கேட்டா நான் பேசிக்கறேன், போங்க" என்றார்.

ஆனால் இந்த மாதக் கடைசியில் பயிற்சியே முடிகிறதாம். செயலி தானாக வாயை மூடிக்கொள்ளும். அதை முடக்க அத்தனை பேரோடு சண்டை போட்ட நான், இப்போது அது நிற்கப் போகிறதே என்று அல்லாடுகிறேன். இது என்ன நியாயம்?

ஆகையால் கேட்டுக்கொள். அது நிற்கும் அன்று சாயங்காலத்திலிருந்து உன் எண்ணுக்கு நான் எழுதுவேன். எட்டாம் வகுப்பு பி பிரிவு இன்னும் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் உயிரை வாங்குவதை, புது கணக்கு டீச்சர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதை, எல்லாவற்றையும் உன் பெயரைச் சொல்லியே எழுதுவேன். நாஸியா படிக்கட்டும். அலுத்துப்போய் "போதும் ஆன்ட்டி" என்று அவளே சொல்லும்வரை நிறுத்த மாட்டேன். சீக்கிரம் அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

உன் ஆபா,
கோமதி