ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மீன்

ஜூலை 8

புள்ளியியல் பாடத்தைத் தேர்ந்தெடுக்க இன்று கடைசி நாள். எம்.ஏ. சமூகவியலுக்கு இரண்டில் ஒன்று எடுத்தால் போதும். ஒன்று எங்கள் துறையே நடத்துவது. மற்றது கணிதத் துறையுடையது. துறைத் தலைவி, "அடுத்த வருஷம் வீடு வீடா சர்வே எடுக்கப் போறீங்க, உங்களுக்கு வேண்டியது நம்ம பாடம்தாம்மா" என்றார். தலையாட்டிவிட்டு வந்து கணிதத் துறைக்கு டிக் போட்டேன்.

ஏன்? நேற்று நாத்தனார் போனில், "உங்க துறைது கணக்கு வராதவங்களுக்காமே அண்ணி?" என்று சிரித்தாள். அவள் இன்ஜினீயர். அதற்காகவா? அதற்காகத்தான்.

ஜூலை 19

பலகை முழுக்க நிரூபணம். பக்கத்தில் இருந்த பெண், "புரியுதாக்கா?" என்றாள். "ம்" என்றேன்.

ஆகஸ்ட் 2

முதல் டெஸ்ட் தாள் கைக்கு வந்தது. இருபத்தைந்துக்கு மூன்று. வீட்டில் யாரும் புரட்டிப் பார்க்காத இடம் என்று மகளின் வரைதாள் கட்டுக்கு நடுவில் விடைத்தாளைச் செருகிவைத்தேன். இருபத்தெட்டு வயதில் இந்தப் பிழைப்பு.

ஆகஸ்ட் 3

எனக்குப் புத்தி எங்கே போயிற்று? அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்ததே! மகள் அதில் மீன் வரைந்துவிட்டாள். இவர் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஃபிரிட்ஜ் கதவில் டேப் போட்டு ஒட்டிவிட்டார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் மீனுக்குப் பின்னால் அந்த மூன்று நீந்துகிறது.

ஆகஸ்ட் 6

நாத்தனார் வந்திருந்தாள். ஃபேன் காற்றில் தாளின் ஓரம் தூக்கிக்கொண்டே இருந்தது. அவள் கிளம்பும்வரை ஃபிரிட்ஜில் சாய்ந்தே நின்றேன். "முதுகு வலியா அண்ணி?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 9

பாடத்தை மாற்ற நாளை வரைதான் நேரம். விட்டால் ஃபெயில், அப்புறம் சர்வேயும் இல்லை, ஒரு வருடமும் போச்சு. துறைத் தலைவியிடம் போய் மார்க்கைச் சொல்லி நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "படிவத்தோட அந்த டெஸ்ட் பேப்பரையும் வெச்சுக் குடுங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து டேப்பைப் பிய்த்தேன். "என் மீனு" என்று மகள் அழ, இவர் வந்து தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்போ?"

"நீங்க ஒட்டினீங்களே, அதுக்கு முந்தின நாள்."

எல்லாவற்றையும் சொன்னேன். டிக் போட்டதை, ஒளித்ததை, நாத்தனார் பேச்சை. பிறகு, "அன்னிக்கு முதுகு வலி இதுதானா?" என்றார். சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மணிக்கெல்லாம் ஆபீஸிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்தவர் இவர். நான் வகுப்பில் உட்கார்ந்து "ம்" கொட்டுவதற்காக. எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 10

கொடுத்தாயிற்று. கிளார்க் தாளைத் திருப்பிப் பார்த்து, "மீனுக்கு எத்தனை மார்க்கும்மா?" என்றார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

செப்டம்பர் 14

எங்கள் துறைப் பாடம் ஒன்றும் சுலபமில்லை. முதல் டெஸ்டில் பதினைந்து.

நாத்தனார் போனில் விசாரித்தாள். "மாத்திட்டேன். அதுல மூணுதான் வாங்கினேன்" என்றேன். பிறகு குழந்தையைப் பற்றிக் கேட்டாள்.

இந்த விடைத்தாளை மேசைமேலேயே போட்டிருந்தேன். மகள் பின்பக்கத்தில் மறுபடியும் மீன் வரைந்திருக்கிறாள், இம்முறை பல்லோடு. இவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "எந்தப் பக்கம் வெளிய தெரியணும்?" என்றார்.

"மீன்" என்றேன்.