கணக்கு வகுப்புக்கு வராத பெண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகம் என்று படித்து நிம்மதி அடைந்தோம்.

என் மாலை வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்குத் தனியாக வரும் நிதியில்தான் என்னைக் கணக்கு சொல்லித்தர வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு லாரி ஓட்டுநரின் மகள், நான் கேள்வியை முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவாள், நானும் என் பாடம் நன்றாக ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு நாள் அவள் வரவில்லை. விளையாட்டுத் திடலோரம் வெறுங்காலோடு நின்றவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கணக்கு எனக்கு நல்லாவே வரும் சார். அப்பாவுக்கு வேலை போச்சு, அதான் என் பேரையும் சேர்த்துட்டாங்க. ஓட்டப் பயிற்சியும் இதே நேரம்தான். அந்தக் காசுல ஒரு ஷூ வாங்கித் தரக்கூடாதா?" என்றாள். ஷூ இல்லாமல் அணியில் சேர்க்க மாட்டார்களாம்.

தலைமையாசிரியையிடம் சொன்னால் என் வகுப்பே நின்றுவிடுமோ என்று பயந்தேன். தபால்தலை கேட்பதற்கே வாசலில் நின்று ஒத்திகை பார்க்கிறவன் நான். "என்கிட்ட மட்டும் அரை மணி நேரம் விளக்குறீங்க, அங்க போனா வாய்ப்பூட்டு போட்டுக்குவீங்க" என்று அம்மா விரட்டியதால் போனேன். "உங்க வகுப்பு வேண்டாம்னு நீங்களே சொல்றீங்களா சார்?" என்று அவர் சிரித்தார். மற்றவர்களுக்கு வேண்டும், அவளுக்கு வேண்டாம், யாருக்கு எது குறை என்று பிள்ளைகளையே கேட்டுச் செலவழிக்கலாமே என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கேட்டும் பார்த்தார். ஒருவனுக்குக் கண்ணாடிதான் தேவையாக இருந்தது, கணக்கு அல்ல. அந்தச் செலவுகளுக்காக இப்போது என் வகுப்பில் ஒரு நாள் குறைந்திருக்கிறது, கையில் வருவதும் குறையும், அதற்காக நீ எதுவும் அனுப்ப வேண்டாம். நான் பாடம் நடத்தும்போது அந்தப் பெண் புது ஷூவோடு ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறாள், இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

குழந்தையை அங்கே தனி வாசிப்பு வகுப்பில் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அவளுக்கு வாசிக்க வரவில்லையா, வெளியூரிலிருந்து வந்த பிள்ளை என்பதால் சேர்த்தார்களா? முதலில் அவளையே கேள், பிறகு பள்ளியில் கேள். இந்த ஒன்றில் மட்டும் என்னைப் போல் யோசித்துக்கொண்டிருக்காதே.

மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாயிருங்கள்.

என்றும் உன்,
அப்பா